கையில் ஒரு காகிதம் வேண்டும்!

வாயால் சொன்னது காற்றோடு போய்விடும். காகிதத்தில் எழுதியது நிற்கும். இது தெரியாத குடும்பம் தமிழ்நாட்டில் இல்லை.

ஆனால், இப்போது ஒரு புதிய பேச்சு கிளம்பியிருக்கிறது. "எல்லாம் கைப்பேசியில் வந்துவிட்டது. பணம் அதில். பட்டா அதில். ரயில் டிக்கெட்டும் அதில். இனிக் காகிதம் எதற்கு?" என்று பலர் கேட்கிறார்கள்.

கேள்வி நியாயமானதுதான். கைப்பேசியால் வந்த வசதியை யாரும் மறுக்க முடியாது. ஆனால், வசதி வேறு, உரிமை வேறு. வசதிக்குக் கருவி போதும். உரிமைக்கு அத்தாட்சி வேண்டும். அந்த அத்தாட்சி சாதாரண மனிதன் கண்ணால் பார்க்கக்கூடியதாக, கையில் பிடிக்கக்கூடியதாக இருக்கவேண்டும். வீட்டு விஷயத்திலும் சரி, ஓட்டு விஷயத்திலும் சரி, அப்படிப்பட்ட பொருள் இன்றைக்கும் காகிதம் ஒன்றுதான்!

வீடு நகரவில்லை, ஜில்லா நகர்ந்தது!

சென்னைக்கு மேற்கே, அம்பத்தூரை ஒட்டியிருக்கும் ஊர் மேனாம்பேடு. அங்கே ஒரு குடும்பம் மூன்று தலைமுறையாக ஒரே வீட்டில் வாழ்ந்து வருகிறது என்று வைத்துக்கொள்ளலாம். அந்த வீட்டுத் தகரப் பெட்டியைத் திறந்து பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும்.

தாத்தா வாங்கிய கிரயப் பத்திரத்தில் "செங்கல்பட்டு ஜில்லா" என்று எழுதியிருக்கும். அந்த ஜில்லா 1997-ல் இரண்டாகப் பிரிந்தது. அதன் பிறகு மகன் வாங்கிய சான்றிதழில் "திருவள்ளூர் மாவட்டம்" என்று இருக்கும். 2018-ல் அம்பத்தூர் தாலுகா சென்னை மாவட்டத்தோடு சேர்ந்தது. ஆகவே, பேரன் வாங்கும் சான்றிதழில் "சென்னை மாவட்டம்" என்று இருக்கும். வீட்டு வரி ரசீதும் மாறியது. 2011-ல் அம்பத்தூர் நகராட்சி சென்னை மாநகராட்சியில் இணைந்துவிட்டது அல்லவா?

வீடு ஓர் அங்குலம்கூட நகரவில்லை. ஜில்லா மட்டும் மூன்று பெயர் எடுத்துவிட்டது!

நாளைக்கு ஒரு தகராறு வந்தால், "அந்த வீடும் இந்த வீடும் ஒன்றுதான்; இது எங்களுடையதுதான்" என்று யார் சொல்வார்கள்? தாத்தா இல்லை. அந்தக் காலத்து அதிகாரிகள் இல்லை. பக்கத்து வீட்டுக்காரரும் மாறிவிட்டார். பத்திரமும், பட்டாவும், வில்லங்கச் சான்றும், வரி ரசீதும்தான் சாட்சி சொல்லும். அவை கூலி கேட்காத சாட்சிகள். பிறழ்சாட்சியாக மாறாத சாட்சிகள்.

இன்று பட்டாவை இணையத்தில் பார்க்கலாம். வில்லங்கச் சான்றும் இணையத்தில் கிடைக்கிறது. ஆனாலும், ஜெராக்ஸ் கடைகளில் கூட்டம் குறையவில்லை. திரையில் பார்த்ததும் மக்கள் முதலில் கேட்பது, "இதை ஒரு பிரிண்ட் போட்டுக் கொடுங்கள்" என்பதுதான். இது அறியாமை அல்ல, அனுபவம்.

ரேஷன் கடையில் என்ன நடக்கிறது?

தமிழ்நாட்டில் முன்பு ரேஷன் கார்டு என்பது ஒரு சிறிய புத்தகம். புதிய கார்டு வரத் தாமதமானபோதெல்லாம் அதில் உள்தாள் ஒட்டிக் கொடுத்தார்கள். ஒட்டி ஒட்டிக் கார்டு தடித்துப்போனதைத் தாய்மார்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2017-ல் ஸ்மார்ட் கார்டு வந்தது. புத்தகம் போயிற்று. பிறகு கைரேகை வைக்கும் கருவியும் வந்தது.

காகிதம் ஒழிந்ததா? இல்லை! பொங்கல் பரிசு என்றால் வீட்டுக்கு வருவது காகித டோக்கன். 2023-ல் மகளிர் உரிமைத் தொகைக்கும் விண்ணப்பமும் டோக்கனும் வீடு தேடி வந்தன. அதே ஆண்டு டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, 6,000 ரூபாய் நிவாரணத்துக்கும் டோக்கன்தான் கொடுத்தார்கள்.

காரணம் எளிது. எந்த நாள், எந்த நேரம் வரவேண்டும் என்பது டோக்கனில் இருக்கிறது. பாட்டியும் அதைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்கலாம். உழைத்துத் தேய்ந்த விரலின் ரேகையைக் கருவி ஏற்க மறுப்பது உண்டு. காகிதம் எந்தக் கையையும் மறுப்பதில்லை.

பெயர் இல்லாத பெண்கள்

காகிதத்தில் பெயர் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை இந்தியாவின் முதல் பொதுத் தேர்தல் காட்டியது. அது 1951-52-ல் நடந்தது. அதற்காக வாக்காளர் பட்டியல் தயாரித்தபோது, வடக்கே பல இடங்களில் பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. "இன்னாரின் மனைவி", "இன்னாரின் மகள்" என்றே எழுதச் சொன்னார்கள். அன்றைய தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அதை ஒப்புக்கொள்ளவில்லை. ஓட்டுப் போடுகிறவருக்குச் சொந்தப் பெயர் வேண்டும் என்றார். முடிவில், ஏறத்தாழ 28 லட்சம் பெண்களின் பதிவுகள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன.

28 லட்சம் பெண்கள்! உயிரோடு இருந்தார்கள், உழைத்தார்கள், பிள்ளைகளை வளர்த்தார்கள். காகிதத்தில் மட்டும் பெயர் இல்லை. ஆகவே ஓட்டு இல்லை. அடுத்த தேர்தல்களில்தான் அந்தக் குறை மெல்ல நீங்கியது.

இது பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் தொடங்கியது. வீடு வீடாகப் படிவம் வந்தது. டிசம்பர் 19-ல் வரைவுப் பட்டியல் வெளியானது. முந்தைய பட்டியலில் இருந்த ஏறத்தாழ 97 லட்சம் பெயர்கள் அதில் இல்லை. இறந்தவர்கள், இடம் மாறியவர்கள், இரண்டு இடத்தில் பதிவானவர்கள், முகவரியில் காணப்படாதவர்கள் என்று காரணம் சொல்லப்பட்டது. விடுபட்ட தகுதியானவர்கள் மறுபடி விண்ணப்பிக்கவும் வழி இருந்தது.

வாடகை வீட்டுக்காரர்கள் அதிகமாக இருக்கும் புறநகரில் இது சிறிய விஷயம் அல்ல. அம்பத்தூர் தொழிற்பேட்டை வேலையை நம்பி வந்து, இரண்டு வருஷத்துக்கு ஒரு வீடு மாறும் குடும்பம், பட்டியலில் தன் பெயர் இருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் பார்த்தே ஆகவேண்டும். வீடு மாறும்போது பாத்திரத்தை எண்ணுவதைப் போல, பெயரையும் எண்ணிப் பார்க்கவேண்டும்!

ஓலையிலிருந்து சீட்டு வரை

ஓட்டுக்கும் எழுத்துக்கும் உள்ள உறவு தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. காஞ்சிபுரத்தை அடுத்த உத்திரமேரூரில், சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. அவை 919, 921-ம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். அன்று எல்லோருக்கும் அந்த உரிமை கிடையாது. ஆனால் ஒரு நல்ல பழக்கம் இருந்தது. எல்லாம் சபையார் கண்ணெதிரே நடந்தது.

முதல் பொதுத் தேர்தலில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி. பெட்டியின் மேல் சின்னம். எழுதப் படிக்கத் தெரியாதவரும் சின்னம் பார்த்துச் சீட்டைப் போட்டார். பிறகு, ஒரே சீட்டில் எல்லாச் சின்னங்களையும் அச்சிட்டு முத்திரை குத்தும் முறை வந்தது. 1996-ல் மொடக்குறிச்சித் தொகுதியில் 1,033 பேர் போட்டியிட்டார்கள். விவசாயிகள் தங்கள் குறைகளை நாட்டுக்குக் காட்டச் செய்த காரியம் அது. ஓட்டுச் சீட்டு அங்கே ஓட்டுப் புத்தகமாகிவிட்டது! அந்த ஆண்டே சட்டமன்ற வேட்பாளருக்கான டெபாசிட் 250 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது.

2001 சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாடு முழுவதும் ஓட்டு இயந்திரம் வந்தது. எண்ணுவது சுலபமாயிற்று. செல்லாத ஓட்டுத் தொல்லையும் தீர்ந்தது. ஆனால் மக்கள் மனத்தில் ஒரு கேள்வி எழுந்தது: "பொத்தானை அழுத்தினேன், போய்ச் சேர்ந்ததா?"

அந்தக் கேள்விக்குப் பதிலாகத் திரும்பி வந்தது எது? காகிதம்! 2013-ல் உச்ச நீதிமன்றம் காகிதச் சீட்டு முறையைப் படிப்படியாகக் கொண்டுவரச் சொன்னது. 2019 நாடாளுமன்றத் தேர்தலில் எல்லாச் சாவடிகளிலும் அது வந்தது. பொத்தானை அழுத்தியதும், வேட்பாளரின் பெயரும் சின்னமும் அச்சான சீட்டு கண்ணாடிக்குள் 7 விநாடி தெரிகிறது. பிறகு பெட்டிக்குள் விழுகிறது. ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதியிலும் 5 சாவடிகளைக் குலுக்கலில் எடுத்து, அந்தச் சீட்டுகளை எண்ணிச் சரிபார்க்கிறார்கள்.

எல்லாச் சீட்டுகளையும் எண்ணவேண்டும் என்ற வழக்கை உச்ச நீதிமன்றம் 2024 ஏப்ரல் 26-ல் ஏற்கவில்லை. பழைய ஓட்டுச் சீட்டு முறைக்குத் திரும்பவும் மறுத்தது. அது தீர்ப்பு. ஆனால், சீட்டே வேண்டாம் என்று நீதிமன்றம் சொல்லவில்லை. இயந்திரத்துக்கும் ஒரு காகிதச் சாட்சி வேண்டும் என்பது நிலைத்துவிட்டது.

ஜெர்மனி விஞ்ஞானத்தில் பின்தங்கிய நாடா? அங்கே அரசியல் சாசன நீதிமன்றம் 2009-ல், அந்நாட்டில் பயன்படுத்திய ஓட்டு இயந்திரங்கள் சாசனத்துக்குப் பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. விசேஷப் படிப்பு இல்லாத குடிமகனும் தேர்தலைச் சரிபார்க்க முடியவேண்டும் என்பதே அதன் காரணம். சூட்சுமம் அங்கேதான் இருக்கிறது. நிபுணருக்குப் புரிந்தால் போதாது, குடிமகனுக்குப் புரியவேண்டும்.

காகிதத்திலும் களவு உண்டு

காகிதம் எல்லாம் உத்தமம் என்று யாரும் சொல்ல முடியாது. போலிப் பத்திரம் உண்டு. கள்ளக் கையெழுத்து உண்டு. "அந்தச் சான்று கொண்டு வா, இந்தச் சான்று கொண்டு வா" என்று ஏழையை அலையவிடும் வழக்கமும் உண்டு.

காகிதம் நனையும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையிலும் புறநகரிலும் எத்தனையோ குடும்பங்கள் சான்றிதழ்களைப் பறிகொடுத்தன. சர்க்கார் தனி முகாம் நடத்தி நகல் கொடுக்க வேண்டியிருந்தது. சர்க்கார் ஏடுகளில் பதிவு இருந்ததால்தான் நகல் கிடைத்தது. ஆகவே, கணினியில் ஒரு பிரதி இருப்பது மிகவும் நல்லது. அது துணை, பகை அல்ல.

காகிதத்துக்கு மதிப்பு மையால் மட்டும் வருவதில்லை. 2016 நவம்பர் 8 இரவு, 500 ரூபாய், 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்ற அறிவிப்பு வந்தது. அஞ்சறைப் பெட்டியில் தாய்மார்கள் சேர்த்து வைத்த நோட்டை மாற்றக் குடும்பமே வங்கி வாசலில் நின்றது. கொடுத்தவர் வாக்கு நிற்கும் வரையில்தான் காகிதம் நிற்கும்.

"மரம் அழிகிறதே!" என்பார்கள். அது சரியான கவலை. வீண் காகிதத்தைக் குறைக்கத்தான் வேண்டும். ஆனால், கரூர் பக்கம் புகளூரில் உள்ள தமிழ்நாடு செய்தித்தாள் காகித ஆலை கரும்புச் சக்கையிலிருந்தே காகிதம் செய்கிறது. வழி இருக்கிறது, மனம் வேண்டும்.

படிக்கிறவன் கையில்தான் பலம்

பெட்டியில் பூட்டிய காகிதத்தைவிடப் படித்துப் பார்த்த காகிதத்துக்கு வலிமை அதிகம். 1994-ல் ராஜஸ்தான் கிராமங்களில் ஏழை மக்கள் ஒரு புதுமை செய்தார்கள். கூலி வேலைக்கான வருகைப் பட்டியலை ஊர் நடுவே உரக்கப் படிக்கச் செய்தார்கள். வேலை செய்யாதவர் பெயரில் கூலி போன கதை வெளியே வந்தது! அந்த இயக்கமும் சேர்ந்துதான் 2005-ல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வரக் காரணமாயிற்று. இன்று 10 ரூபாய் கட்டணத்தோடு ஒரு மனு எழுதினால், 30 நாளில் அலுவலகம் பதில் சொல்லவேண்டும்.

ஆகவே, சர்க்கார் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. எல்லாவற்றையும் கணினியில் ஏற்றட்டும். ஆனால், கேட்கிறவருக்கு அச்சிட்ட ரசீது கிடைக்கவேண்டும். "கைப்பேசி இல்லையா? போய் வா" என்ற பேச்சு எந்த ஜன்னலிலும் கேட்கக்கூடாது.

குடும்பங்கள் செய்ய வேண்டியதும் உண்டு. முக்கியமான காகிதங்களை நனையாத உறையில் போட்டு, உயரமான இடத்தில் வைக்கவேண்டும். நகலை வேறு இடத்தில் வைக்கவேண்டும். கைப்பேசியிலும் படம் எடுத்துக்கொள்ளலாம். மனு கொடுத்தால் ரசீது வாங்காமல் திரும்பக்கூடாது. படிக்காமல் கையெழுத்துப் போடக்கூடாது. புதிதாக எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர் வெட்கப்பட வேண்டியதில்லை. மெதுவாகப் படித்தால் என்ன? எதிரே இருப்பவர் காத்திருக்கட்டும்!