சத்திரசிகிச்சைக்குப் பின்: தராசு சொல்லாத கணக்கு

உடற்பருமனை ஒரு நோயாக ஏற்றுக்கொள்ள எமது சமூகம் இன்னும் தயங்குகின்றது. அதனை உணவாசைக்குக் கிடைத்த தண்டனையென்றே பலர் கருதுகின்றனர். இத்தகைய சமூகத்தில், இரைப்பையைச் சிறிதாக்கி உடல் நிறையைக் குறைக்கும் சத்திரசிகிச்சைக்கு உட்பட்ட ஒருவர் இருமுறை குற்றவாளியாக்கப்படுகின்றார். வாயைக் கட்ட முடியாமல் வயிற்றை வெட்டிக்கொண்டார் என்பது முதற் குற்றச்சாட்டு. குறைந்த நிறையில் ஒரு பகுதி சில ஆண்டுகளில் மீண்டுவிடுமாயின், வெட்டியும் திருந்தவில்லை என்பது இரண்டாவது குற்றச்சாட்டு. இவற்றுக்கிடையே எவரும் எழுப்பாத வினா ஒன்றுண்டு. சத்திரசிகிச்சைக்குப் பின்னர் அம்மனிதரின் உடலை மீளக் கட்டியெழுப்பும் பொறுப்பு யாருடையது? அதனை நோயாளியின் தலையில் மட்டும் சுமத்துவது அநீதி என்பதும், உடற்பயிற்சி இச்சிகிச்சையின் ஓர் அங்கமாக வைத்தியசாலையினாலேயே வழங்கப்படல் வேண்டுமென்பதும் இக்கட்டுரையின் வாதமாகும்.

கலைப்பீடத்தவருக்கு இதில் என்ன அலுவல் எனச் சிலர் வினவக்கூடும். இரைப்பையை எவ்வாறு வெட்டுவது என்பது மருத்துவபீடத்தவர் தீர்மானிக்கவேண்டிய விடயமே. ஆயின், சிகிச்சை எங்கே முடிகிறது, அதன் பின்னர் பழி யாரைச் சேர்கிறது என்பன சமூகம் தீர்மானிக்கும் விடயங்கள். அவற்றைப் பற்றிப் பேச எமக்கும் உரிமையுண்டு.

இச்சத்திரசிகிச்சையின் பயனை மறுப்பது எமது நோக்கமன்று. ஐக்கிய அமெரிக்காவின் அயோவாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்வேட் மேசன், சிகாசி இற்றோ ஆகியோர் 1967 இல் இரைப்பை மாற்றுவழிச் சத்திரசிகிச்சையைப் பற்றி எழுதிய காலந்தொட்டு இத்துறை பெரிதும் வளர்ந்துள்ளது. சுவீடனில் 1987 இல் ஆரம்பிக்கப்பட்ட நீண்டகால ஆய்வு, இச்சிகிச்சை பெற்றோரிடையே இறப்பு வீதம் குறைவாயிருந்ததை 2007 இல் எடுத்துக்காட்டியது. இன்று இலங்கையின் அரசாங்க வைத்தியசாலைகளிலும் இது நடைபெறுகின்றது. பயனுள்ள சிகிச்சை என்பதனாலேயே அது பாதியில் நிறுத்தப்படலாகாது என்கிறோம்.

பாதியில் நிறுத்தப்படுவது எவ்வாறு? சத்திரசிகிச்சையின் பின் உண்ணும் உணவின் அளவு திடீரெனச் சுருங்குகிறது. உடல் தன் கொழுப்பைச் செலவிடுகிறது. அத்துடன் தசையையும் செலவிடுகிறது. குறைந்த நிறையில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு முதல் காற்பங்கு வரை கொழுப்பல்லாத பகுதியாக இருக்கக்கூடும். சுண்ணாம்புச் சத்தும் உயிர்ச்சத்து டீயும் போதியளவு உறிஞ்சப்படாமையாலும், எலும்புகள் தாங்கும் பாரம் குறைவதாலும் எலும்பின் அடர்த்தியும் குறைகின்றது. தராசோ இவற்றை வேறுபடுத்தி அறியாது. கொழுப்பு ஒரு கிலோ குறைந்தாலும் தசை ஒரு கிலோ குறைந்தாலும் அதன் முள் ஒரே அளவே நகரும். வைத்தியரும் உறவினரும் அம்முள்ளைப் பார்த்து மகிழ்கின்றனர்.

எம்மவருக்கு இது மேலும் கவலைக்குரியது. ஒரே உடற்றிணிவுச் சுட்டியுடைய ஐரோப்பியரோடு ஒப்பிடுமிடத்து, தென்னாசியரின் உடலில் கொழுப்பு கூடுதலாகவும் தசை குறைவாகவும் காணப்படுகின்றன. உணவுக்குப் பின் இரத்தத்திலுள்ள குளுக்கோசின் பெரும்பகுதியை உள்வாங்குவது தசையே. நீரிழிவு பரந்துள்ள இந்நாட்டில், ஏற்கெனவே குறைவாகவுள்ள தசையையும் இழக்கவிடுவது எவ்வகையில் அறிவுடைமையாகும்?

உடற்பயிற்சியால் ஆவது என்ன என்பதற்கு ஆய்வுகள் விடை தருகின்றன. 2015 இல் ஐக்கிய அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில் சத்திரசிகிச்சை பெற்ற 128 பேர் இரு சாராராகப் பிரிக்கப்பட்டனர். ஒரு சாராருக்கு உடல்நலக் கல்வி மட்டும் அளிக்கப்பட்டது. மறு சாராருக்கு ஆறு மாதகால மிதமான உடற்பயிற்சியும் அளிக்கப்பட்டது. நிறைக் குறைவில் இரு சாராருக்குமிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இருக்கவில்லை. ஆனால் பயிற்சி பெற்றோரின் உடலில் இன்சுலின் கூடுதலான செயற்றிறனுடன் தொழிற்பட்டது. பிறேசிலில் பெண்களிடையே நடத்தப்பட்டு 2019 இல் வெளியான ஆய்வில், மேற்பார்வையுடன் பயிற்சி பெற்றோரின் எலும்பு இழப்பு ஏனையோரிலும் குறைவாயிருந்தது.

இங்கே எதிர்வாதம் ஒன்று எழும். இத்தகைய பல ஆய்வுகளைத் தொகுத்து 2021 இல் வெளியான மீளாய்வின்படி, பயிற்சியால் மேலதிகமாகக் குறைந்த நிறை சராசரியாக இரண்டு கிலோவுக்கும் உட்பட்டதே. இரண்டு கிலோவுக்காகவா இத்தனை பாடு என்பர். இவ்வாதம் அளவுகோலைத் தவறாகத் தெரிந்ததன் விளைவாகும். அதே மீளாய்வு உடற்றகுதியும் தசைவலுவும் தெளிவாக மேம்பட்டதையும் காட்டுகின்றது. மாடிப்படி ஏறவும், நீர்க்குடம் தூக்கவும், முதுமையில் விழாமல் நடக்கவும் வேண்டியவை இவையே. குறைந்த நிறை மீளாமல் பயிற்சி என்றென்றும் காக்கும் என நாம் கூறவில்லை. அவ்வாறு கூறாமலே அதன் தேவையை நிலைநாட்டலாம்.

"நடவுங்கள் என்று நாங்கள் சொல்லித்தானே அனுப்புகிறோம்" என்பது அடுத்த மறுமொழி. அறிவுரையைச் சிகிச்சையென மயங்குவது இதுதான். முழங்கால் மூட்டு மாற்றப்பட்டவரை, வீட்டில் நடந்து பழகுங்கள் என்று மட்டும் கூறி அனுப்ப எந்த வைத்தியரும் ஒருப்படார். அவருக்கு இயன்மருத்துவர் வேண்டும் என்பதில் இருவேறு கருத்தில்லை. இரைப்பை வெட்டப்பட்டவருக்கு மட்டும் ஒரு சொல் போதுமா? கால் நாளங்களில் இரத்தம் உறையாதிருக்க அவர் முதல்நாளே எழுந்து நடத்தல் வேண்டும். காயம் ஆறும்வரை பாரம் தூக்கலாகாது. அதன் பின் நாற்காலியில் அமர்ந்தெழுதல், இறப்பர்ப் பட்டியை இழுத்தல் எனத் தசையை வலுப்படுத்தும் பயிற்சிகள் படிப்படியாகக் கூட்டப்படல் வேண்டும். சிறுத்த இரைப்பையால் ஒரே மூச்சில் நீர் அருந்த முடியாதாகையால் வியர்வையால் உடல் வரளலாம். நீரிழிவு மருந்து உட்கொள்பவருக்குக் குளுக்கோசு தாழ்ந்து மயக்கம் வரலாம். இத்தனையையும் "நடவுங்கள்" என்ற ஒற்றைச் சொல்லில் அடக்கிவிட முடியுமா?

நடப்பதற்கும் இடம் வேண்டும், நேரம் வேண்டும். நடைபாதையற்ற வீதியில் வசிக்கும் பெண், விடியுமுன் சமைத்துப் பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பி, வேலைக்குச் சென்று, இருண்டபின் வீடு திரும்புகிறாள். அவள் எப்பொழுது நடப்பது? கட்டணம் செலுத்தி உடற்பயிற்சி நிலையம் செல்ல வல்லவருக்கே "மனமிருந்தால் வழியுண்டு" என்ற பழமொழி பொருந்தும். வசதியின்மையைச் சோம்பல் என அழைப்பது வசதியுள்ளோரின் வழக்கம்.

பணமில்லை என்பது இறுதி எதிர்வாதம். இதற்கு வேண்டியவை ஒரு மண்டபம், சில நாற்காலிகள், இறப்பர்ப் பட்டிகள், பத்துப்பேரை ஒருங்கே பயிற்றும் ஓர் இயன்மருத்துவர். சத்திரசிகிச்சைக் கூடத்தின் செலவோடு ஒப்பிட இது மிகச் சிறிது. பேராதனை, கொழும்புப் பல்கலைக்கழகங்கள் இயன்மருத்துவப் பட்டதாரிகளை உருவாக்குகின்றன. பொதுமக்கள் பணத்தில் செய்யப்படும் சத்திரசிகிச்சையின் பயனைப் பாதுகாப்பதற்கும் பொதுமக்கள் பணமே செலவிடப்படல் நியாயமாகும்.

ஆகவே நாம் கோருவன மூன்று. வீடு திரும்பும் ஒவ்வொருவருக்கும் அவரவர் மொழியில் எழுதப்பட்ட பயிற்சித் திட்டம் வழங்கப்படல் வேண்டும். முதல் ஆறு மாதங்களுக்கேனும் மேற்பார்வையுடனான கூட்டுப் பயிற்சி, வேலைக்குச் செல்வோருக்கும் ஏற்ற நேரத்தில் நடத்தப்படல் வேண்டும். கிளினிக்கில் நிறையோடு, கைப்பிடியின் வலுவும், அரை நிமிடத்தில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழ முடிகிறது என்பதும் அளக்கப்படல் வேண்டும். இவற்றில் ஒன்றையேனும் செய்யாமல், ஒரு நோயாளியைப் பார்த்துத் "திருந்தவில்லை" என்று கூறும் உரிமை வைத்தியருக்குமில்லை, உறவினருக்குமில்லை, எமக்குமில்லை.