வணிகரும் வழக்கறிவும்

கடல் கடந்து வாணிகம் செய்வார்க்குப் பொருளும் கலமும் மட்டும் போதா. செல்லும் நாட்டின் வழக்கம் அறிதலும் வேண்டும் என்பது நெடுங்காலமாக உலகம் கண்ட உண்மை. இக்காலத்தில் இவ்வுண்மையை யாவரும் ஒப்புக்கொண்டு, ‘இன்ன நாட்டிற்குச் செல்லும் வியாபாரி இன்னின்ன செய்க, இன்னின்ன தவிர்க’ என்று சிறு கைந்நூல்கள் பலவற்றை எழுதி வெளியிடுகின்றனர். விமானத்தில் ஏறி இறங்குவதற்குள் அத்தகைய நூலொன்றைப் படித்து முடித்துவிடலாம். படித்தவர், தாம் அந்நாட்டையே அறிந்துவிட்டதாக எண்ணிக்கொள்வதும் உண்டு. அவ்வெண்ணம் பிழையானது என்பது எமது கருத்து. விதிகளை மனப்பாடம் செய்தல் வேறு; அவ்விதிகள் எதனின்று பிறந்தன என அறிதல் வேறு. பின்னையதே வணிகர்க்கு உண்மைத் துணையாவது. அதனைப் பெறுதற்குத் தமிழ் பயின்ற மாணவர் மிகவும் தகுதியுடையார் என்பதையும் ஈண்டுக் கூற விரும்புகிறோம்.

பொதுவாகப் பேசுதலினும் ஒரு நாட்டை எடுத்துக்கொண்டு ஆராய்தல் நலம். ஆதலின் ஜப்பானை எடுத்துக்கொள்வாம். சென்னையை அடுத்த ஒரகடம், வல்லம் முதலிய இடங்களில் ஜப்பானியக் கம்பெனிகளின் தொழிற்சாலைகள் நடைபெறுகின்றன. நம்மிற் சிலர் நாளை அவற்றில் பணி செய்யவும், அவற்றின் பொருட்டுத் தோக்கியோவிற்கோ ஒசாகாவிற்கோ செல்லவும் நேரலாம். எனவே இஃது எங்கோ இருக்கும் நாட்டைப் பற்றிய வெறும் பேச்சன்று.

முதற்கண் கைந்நூல்கள் கூறும் விதிகளைக் காண்பாம். ‘மெய்ஷி’ எனப்படும் பெயர்ச்சீட்டை இரு கைகளாலும் கொடுக்கவும் வாங்கவும் வேண்டும். வாங்கியவுடன் அதனைப் படித்துப் பார்க்க வேண்டும். பின்புறப் பையில் திணித்தலும், அதன்மேல் எழுதுதலும் ஆகா. விருந்தினரை வாயிலினின்று மிகத் தொலைவிலுள்ள இருக்கையில் அமர்த்துவர். அவர் காட்டுமுன் தாமே சென்று அமர்தல் கூடாது. குறித்த நேரத்திற்குச் சற்று முன்னரே வந்து நிற்க வேண்டும். உணவுக் குச்சிகளைச் சோற்றில் செங்குத்தாக நாட்டலாகாது. ஒருவர் குச்சியினின்று மற்றொருவர் குச்சிக்கு உணவை மாற்றலும் ஆகாது. நான்கு பொருள் கொண்ட பரிசு தருதல் தகாது.

இவற்றை மட்டும் படிப்பவர்க்கு இவை பொருளற்ற கட்டுப்பாடுகளாகத் தோன்றும். காரணம் அறிந்தாலோ ஒன்றையும் மறக்க மாட்டோம். சோற்றில் குச்சியை நாட்டுதல் இறந்தார்க்குப் படைக்கும் முறை. குச்சிக்குக் குச்சி மாற்றுதல், உடலை எரித்தபின் சுற்றத்தார் எலும்புகளைப் பொறுக்கும் முறை. நான்கு என்னும் எண்ணின் ஒலியாகிய ‘ஷி’ என்பதே சாவிற்கும் பெயர். இழவு வீட்டில் செய்வனவற்றை மணவீட்டில் செய்தால் நம் வீட்டுப் பெரியோர் பொறுப்பரோ? அதுவே இது.

பெயர்ச்சீட்டிற்கு அத்துணைச் சிறப்பு ஏன்? ஜப்பானிய மொழியில் ‘கெய்கோ’ எனப்படும் மரியாதை வழக்கு ஒன்று உண்டு. பிறரை உயர்த்துஞ் சொல் ஒருவகை. தன்னைத் தாழ்த்துஞ் சொல் மற்றொரு வகை. ‘நீ’, ‘நீர்’, ‘நீங்கள்’ என்னும் மூன்றனுள் எதனைச் சொல்வது என்று அறியாத நிலையில் நாம் வாய் திறக்கத் தயங்குவதுபோல, எதிரிருப்பவர் நிலை அறியாமல் ஜப்பானியர் வினைச்சொல்லை முடிக்க இடர்ப்படுவர். அவர் யார், எந்தக் கம்பெனியினர், எப்பதவியினர் என்பதைச் சீட்டு அறிவிக்கின்றது. அதனைப் படித்த பின்னரே பேச்சு நேராக நடைபெறும்.

ஈண்டு ஓர் எச்சரிக்கையும் வேண்டும். ஒப்புமை கண்டு மயங்கலாகாது. நாம் நம் தலைவரைப்பற்றி யாரிடம் பேசினும் ‘அவர் வந்திருக்கிறார்’ என்றே கூறுவோம். ஜப்பானியரோ வெளியாரிடம் பேசுங்கால் தம் தலைவரைத் தாழ்த்தியே பேசுவர். பெயரோடு சேர்க்கும் ‘சான்’ என்னும் மரியாதைச் சொல்லையும் விட்டுவிடுவர். தம் கம்பெனியார் அகத்தார், வந்தவர் புறத்தார். அகத்தாரைத் தாழ்த்திப் புறத்தாரை உயர்த்துதலே அவர் மரபு. இஃதறியாதார், தலைவரை மதியாத பணியாளர் இவர் என்று தவறாக எண்ணிவிடுவர்.

ஆயினும் சீட்டினாலும் குச்சியினாலும் வாணிகம் கெடுதல் அரிது. அயலாரின் சிறு பிழைகளை அவர்கள் புன்னகையோடு பொறுத்துக்கொள்வர். பெருங்கேடு விளைவது பேச்சிலேயாம். நம் வணிகர் ஒருவர் தம் சரக்கின் சிறப்பை எடுத்துரைக்கிறார் என்று கொள்வோம். எதிரிருப்பவர் இடையிடையே ‘ஹை, ஹை’ என்று கூறித் தலையசைக்கிறார். ‘ஹை’ என்பதற்கு ‘ஆம்’ என்று அகராதி பொருள் கூறும். தாம் கேட்டதெல்லாம் ஏற்கப்பட்டது என்று மகிழ்ந்து வணிகர் ஊருக்குச் செய்தியும் அனுப்பிவிடுவார். ஆனால் அந்த ‘ஹை’ பலவிடத்தும் ‘கேட்டுக்கொண்டிருக்கிறேன்’ என்னும் அளவினதே. நம் பாட்டிமார் கதை சொல்லுங்கால் பிள்ளைகள் ‘உம்’ கொட்டுவர். கொட்டாவிடின் கதை நின்றுவிடும். அந்த ‘உம்’ கதை முழுதையும் நம்பியதற்கு அடையாளமாகுமோ? ஜப்பானியர் இவ்வழக்கத்தை ‘அயிஸுச்சி’ என்பர். கொல்லுலையில் ஆசான் அடித்தபின் மாணாக்கன் மாறி அடிக்கும் சம்மட்டியின் பெயரே அது. பேசுவோனும் கேட்போனும் மாறி மாறி அடித்தாலன்றிப் பேச்சு உருப்பெறாது என்பது கருத்து.

மறுத்தலும் இத்தகையதே. ‘முடியாது’ என்று முகத்திற்கு நேரே சொல்லுதல் அங்குக் கடுமையாகும். ‘கென்தோ ஷிமாசு’ என்பர். ‘ஆராய்ந்து பார்க்கிறோம்’ என்பது பொருள். அல்லது, ‘அது சற்றுக் கடினம்’ என்று கூறி நிறுத்துவர். இவை பெரும்பாலும் மறுப்புரைகளே. இன்னுஞ் சிலபோது யாதுங் கூறாது வாளா இருப்பர். அம்மௌனம் எண்ணிப் பார்த்தற்கு எடுத்துக்கொண்ட காலமாகவும் இருக்கலாம். அதைக் கண்டு அஞ்சிய வணிகர், யாரும் கேளாமலே தம் விலையைத் தாமே குறைத்து நட்டமடைதலும் உண்டு.

‘இஃது என்ன நேர்மையற்ற பேச்சு!’ என்று நம்மிற் சிலர் கூறலாம். அவர்க்கு நாம் நன்னூலைக் காட்டுவோம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய அவ்விலக்கணத்தில் விடை எட்டு வகைப்படும். அவற்றுள் வெளிப்படையாக மறுப்பது ஒன்றே. ‘இன்று கடைக்குப் போவாயா?’ என்று கேட்டால், ‘தலை வலித்தது’ என்பது உற்றதுரைத்தல். ‘தலை வலிக்கும்’ என்பது உறுவது கூறல். ‘தோட்டத்திற்கு நீர் பாய்ச்சுவேன்’ என்பது இனமொழி. இவற்றுள் எதிலும் ‘போகேன்’ என்னும் சொல் இல்லை. ஆயினும் கேட்டவன் மறுப்பை உணர்ந்துகொள்கிறான். இவற்றைப் பொய் என்று இலக்கணம் தள்ளவில்லை. விடை என்றே கொண்டது. கடன் கேட்கச் சென்றவனிடம் ‘பார்க்கலாம்’ என்று நம்மவர் கூறினால், அவன் மறுநாள் பணப்பையோடு வந்து நிற்பானோ? வீட்டை விட்டுப் புறப்படுங்கால் ‘போகிறேன்’ என்னாது ‘போய் வருகிறேன்’ என்கிறோமே, அது பொய்யோ? பிறர் மனம் நோவாமற் பேசுதல் எல்லா நாட்டார்க்கும் உரியது. எவ்விடத்து எச்சொல்லால் மறைப்பர் என்பதே வேறுபடுவது. அவ்வேறுபாட்டை அறிதலே வழக்கறிவு.

இனி, முடிவு செய்யும் முறையைக் காண்பாம். பெரிய அதிகாரியைக் கண்டுவிட்டால் காரியம் முடிந்தது என்பது நம்மவரிடையே பரவிய எண்ணம். ஜப்பானில் அஃது எப்பொழுதும் பலியாது. ‘நெமவாஷி’ என்பது அவர்தம் தோட்டக்காரர் சொல். மரத்தை வேறிடத்தில் நடுமுன் வேரைச் சுற்றிப் பையப் பையத் தோண்டி, அதனைப் பெயர்த்தற்குப் பக்குவம் செய்தலை அது குறிக்கும். கம்பெனிகளில், கூட்டம் கூடுமுன்னரே ஒவ்வொருவரையும் தனித்தனி கண்டு கருத்தறிந்து இணங்கச் செய்தலுக்கு அப்பெயர் வழங்குகின்றது. ‘ரிங்கி’ என்னும் முறையில் கீழ்நிலையார் எழுதிய குறிப்புத்தாள் மேலே மேலே சென்று, வழியிலுள்ளோர் அனைவர் முத்திரையும் பெறும். ஆதலின் கூட்டம் என்பது முடிவு காணும் இடமன்று. கண்ட முடிவை உறுதி செய்யும் இடம். வாரக்கணக்கில் விடை வாராதது கண்டு சினந்து கடிதம் எழுதுவோர், வேர் தோண்டும் காலத்தில் மரத்தை இழுப்பவராவர். முடிவு ஏற்பட்டபின் அதனை நிறைவேற்றுதல் விரைவாக நடக்கும். ஏனெனில் இணங்காதார் ஒருவரும் எஞ்சியிரார்.

வழக்கறிந்தார் சொல்லைக் கேளாமையால் விளைவதென்ன என்பதற்கு வரலாறே சான்று. வில்லியம் ஆடம்ஸ் என்னும் ஆங்கில மாலுமி 1600-ஆம் ஆண்டில் டச்சுக் கப்பலொன்றில் ஜப்பான் சேர்ந்து, அந்நாட்டு மொழியையும் ஒழுக்கத்தையும் பயின்று, தொக்குகவா இயெயாசுவின் நன்மதிப்பைப் பெற்று வாழ்ந்தார். 1613-இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பலோடு ஜான் சாரிஸ் என்பார் வந்தார். தம் அரசரின் ஓலையைத் தம் கையாலேயே இயெயாசுவிடம் கொடுக்க வேண்டுமென்று அவர் பிடிவாதம் செய்தார். அஃது இந்நாட்டு வழக்கமன்று என்று ஆடம்ஸ் எடுத்துரைத்தார். எடோ நகருக்கு அண்மையிலுள்ள உராகாவில் பண்டகசாலை அமைக்குமாறு ஆடம்ஸ் கூறினார். சாரிஸோ தொலைவிலுள்ள ஹிராடோவையே தேர்ந்துகொண்டார். கம்பெனி கொணர்ந்த கம்பளித் துணியை வாங்குவார் அங்கு மிகுதியாக இல்லை. 1623-இல் அப்பண்டகசாலை மூடப்பட்டது. டச்சுக்காரர் போட்டி முதலிய பிற காரணங்களும் உண்டு. வழக்கமறியாமை ஒன்றே கெடுத்தது என்று யாம் கூறோம். ஆனால் அறிந்தவர் அருகிலிருந்தும் அவர் சொல் போற்றப்படவில்லை என்பது கருதத்தக்கது.

அண்மைக் காலத்திலும் ஒன்று உண்டு. 1969-ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்க ஜனாதிபதி நிக்ஸனும் ஜப்பானியப் பிரதமர் ஸாத்தோவும் சந்தித்தபோது, ஜப்பானியத் துணி ஏற்றுமதியைக் குறைப்பது பற்றிப் பேச்சு நிகழ்ந்தது. ஸாத்தோ உறுதியளித்ததாக நிக்ஸன் கொண்டார். ஆனால் எதிர்பார்த்த குறைப்பு நிகழவில்லை. ‘நன்முறையில் கவனிக்கிறேன்’ என்னும் பொருள்பட ஸாத்தோ கூறியதே உறுதிமொழியாகக் கொள்ளப்பட்டது என்று பலரும் எழுதியுள்ளனர். அவர் கூறிய சொல் இன்னதென்பதில் ஆராய்ச்சியாளரிடையே கருத்து வேறுபாடு உண்டெனினும், அதனால் எழுந்த மனக்கசப்பில் வேறுபாடு இல்லை. 1971-ஆம் ஆண்டு அக்டோபரில்தான் அவ்வழக்கு ஓர் உடன்பாட்டிற்கு வந்தது.

‘நாமே ஏன் வளைந்துகொடுக்க வேண்டும்? அவர்கள் நம் வழக்கத்தை அறியலாகாதோ?’ என்று கேட்பாரும் உளர். நம் நாட்டிற்கு வரும் ஜப்பானியர் நம் வழக்கங்களை அறிதல் அவர் கடமையே. ஆனால் அவர் செய்தபின் நாம் செய்வோம் என்று காத்திருத்தல் கொடுக்கல் வாங்கலாகுமன்றி மரியாதையாகாது. மேலும், வழக்கறிதல் என்பது வேடம் புனைதலன்று. எத்துணைப் பாகை குனிந்து வணங்குவது என்று அளந்து நடிப்பவரை அவர்களும் விரும்புவதில்லை. நம் தன்மை மாறாமலே அவர்தம் உள்ளம் நோவாது நடந்துகொள்ளலாம்.

விதிகள் மாறுவன என்பதையும் மறத்தலாகாது. 2020-ஆம் ஆண்டில் ஜப்பானிய அரசாங்கமே தன் அலுவலகங்களில் முத்திரையிடும் வழக்கத்தைக் குறைக்க முற்பட்டது. ஒரு நாட்டார் அனைவரும் ஒரே தன்மையர் என்று கொள்ளுதலும் பேதைமை. நம்மில் அங்ஙனம் உண்டோ? கைந்நூலின் விதி பழையதாகிவிட்டபின்னும் உதவுவது, காரணம் அறிந்த அறிவும், எதிரிருப்பவரைக் கூர்ந்து நோக்கும் பழக்கமுமேயாம்.

‘தமிழ் படிப்போர்க்கு வாணிக உலகில் என்ன வேலை?’ என்று வினவுவோர் நம்மிடையே பலர். விடை எட்டனையும், தகுதி வழக்கையும், இடக்கரடக்கலையும் கற்ற மாணவர்க்கு, ஒரு சொல்லின் பின் மறைந்து நிற்கும் கருத்தைக் காணுதல் புதிதன்று. ஜப்பானிய வாக்கியமும் நம் வாக்கியம் போலவே வினையில் முடிவது. வேற்றுமை உருபுகளும் பெயரின் பின்னரே நிற்பன. அம்மொழித் தகுதித் தேர்வு சென்னையிலும் நடத்தப்படுகிறது. ஆதலின் நம் கல்லூரித் தமிழ்த்துறையும் வணிகத்துறையும் ஒன்றுகூடி, ஜப்பானிய மொழியும் வழக்கமும் கற்பிக்கும் மாலை வகுப்பொன்றை வரும் ஆண்டில் தொடங்குதல் வேண்டும் என்று ஆசிரியப் பெருமக்களைக் கேட்டுக்கொள்கிறோம். அந்நாட்டில் பணி செய்த பழைய மாணவர் எவரேனும் இருப்பின், அவர் அவ்வகுப்பிற்கு வந்து தாம் கண்டவற்றைக் கூறுவாராயின் அது பெரும்பயன் தரும். வணிகத்துறை மாணவர் கணக்கறிவர், நாம் சொல்லறிவோம். இரண்டும் கூடினால் ‘பார்க்கலாம்’ என்பதைக் கேட்டுச் சரக்கை ஏற்றி அனுப்பும் பிழை நம்மவர்க்கு நேராது.