‘நான் ஒண்ணும் பண்ணலண்ணா’

கம்ப்யூட்டரில் ஏதோ கெட்டுப்போய் உதவி கேட்டு வருகிறவர், கோளாறைச் சொல்வதற்கு முன் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறார்: “நான் ஒண்ணும் பண்ணலண்ணா, அதுவா மூடிக்கிச்சு.” யாரும் குற்றம் சாட்டாதபோதே வாக்குமூலம். இதைப் பழக்கியது மென்பொருள்தான். விண்டோஸ் 95 காலத்தில் ஒரு புரோகிராம் முடங்கினால், அது ‘சட்டவிரோதச் செயல்’ செய்துவிட்டதாக ஆங்கிலத்தில் அறிவிப்பு வரும். செய்தது புரோகிராம், பயந்தது மவுஸைப் பிடித்திருந்தவர்.

இப்படிப் பழி ஆள்மேல் விழுவதை ஓர் ஊரில் வைத்துப் பார்க்கலாம். பங்காருப்பேட்டையிலிருந்து வரும் ரயில் பாதை முடிகிற இடம், கர்நாடகத்தின் கோலார் தங்கவயலில் உள்ள மாரிகுப்பம். 2001 பிப்ரவரி 28-இல் தங்கச் சுரங்கம் மூடப்பட்டபின், விடியுமுன் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்களின் ஊர். இங்கே ஒருவர் தமிழில் கல்யாணப் பத்திரிகை அடித்து, பென் டிரைவில் பெங்களூர் அச்சகத்துக்குக் கொண்டுபோகிறார் என்று வைத்துக்கொள்வோம். அங்கே திறந்தால் மணமகள் பெயர் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். ‘வைரஸ்’ என்பார் ஒருவர். ‘சரியா சேவ் பண்ணல’ என்பார் இன்னொருவர். பெரும்பாலும் இரண்டுமே தவறு. பழைய தமிழ் ஃபாண்ட்டுகள், ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவங்களைக் குடியேற்றியவை. ஆளுக்கொரு வரிசை வேறு. அந்த ஃபாண்ட் இல்லாத கணினியில் அடியிலிருக்கும் ஆங்கிலம் எட்டிப்பார்க்கும். தமிழ்நாடு அரசு 1999-இல் டாம், டாப் என்று எழுத்துக் குறியாக்கத் தரம் வகுத்து, 2010-இல் யூனிகோடுக்கு மாறியது. அந்த ஆணை ஓசூரோடு நின்றுவிடும். கர்நாடக அரசு ஆதரித்த ‘நுடி’ கன்னடத்துக்கானது. மாரிகுப்பத்துத் தமிழரின் கோளாறு எந்த அரசின் பேரேட்டிலும் ஏறாது.

பத்திரிகை போனால் மறுபடி அடிக்கலாம். பிரிட்டனில் மென்பொருள் கோளாறால் சிலர் சிறைக்கே போனார்கள். அங்கே 1999 முதல் கிளை அஞ்சலகங்களில் புகுத்தப்பட்ட ‘ஹொரைசன்’ என்ற கணக்கு மென்பொருள், இல்லாத பற்றாக்குறையைக் காட்டியது. அஞ்சலகங்களை நடத்தியவர்கள் உதவி எண்ணை அழைத்தார்கள். ‘உங்களுக்கு மட்டும்தான் இப்படி’ என்று பதில் வந்ததாகப் பலர் பின்னாளில் சாட்சி சொன்னார்கள். 900-க்கும் மேற்பட்டோர் தண்டிக்கப்பட்டார்கள். சீமா மிஸ்ரா 2010-இல் கருவுற்றிருந்த நிலையில் சிறை சென்றார்; தண்டனைத் தீர்ப்பு ரத்தானது 2021-இல். கணினி சரியாகத்தான் இயங்கியிருக்கும் என்று முன்கூட்டியே நம்பும் சட்ட மரபு அவர்களுக்கு எதிராக நின்றது. ‘நான் ஒண்ணும் பண்ணல’ என்று அவர்களும் சொல்லிப் பார்த்தவர்கள்தான்.

கோலார் தங்கவயலுக்கு இதைவிட நல்ல முன்னுதாரணம் உண்டு. மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிய சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் பாறை அழுத்தம் தாங்காமல் வெடித்ததுண்டு. அது ஏன் என்று விளக்கும் பொறுப்பு தொழிலாளியுடையதாக இருக்கவில்லை. ‘சத்தம் கேட்டுச்சு’ என்று அவர் சொன்னால் போதுமாயிருந்தது. மீதியை ஆராயக் கருவிகள் இருந்தன. 1988-இல் தேசியப் பாறை இயக்கவியல் கழகமே அங்கே அமைந்தது.

‘அதுவா மூடிக்கிச்சு’ என்பதும் அப்படியொரு முழுமையான தகவல். என்ன நடந்தது என்று பதிந்துவைப்பதும், அதைத் தமிழில் சொல்வதும் புரோகிராம் எழுதியவர் வேலை. உதவுகிறவர் ‘என்ன பண்ணீங்க?’ என்பதை விட்டு, ‘மூடிக்கறதுக்கு முன்னாடி திரையில என்ன இருந்துச்சு?’ என்று கேட்டுப் பார்க்கட்டும். சேவ் கொடுத்தது, மணல்கடிகாரம் சுற்றியது, நடுவில் கரண்ட் ஒரு தரம் மினுக்கியது எல்லாம் ஒவ்வொன்றாக வரும்.