மடிக்கணினி வாங்கும் முன்: ஒரு வேண்டுகோள்

பெற்றோரே, மாணவர்களே, கல்லூரி ஆசிரியர்களே,

கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் போக மிஞ்சிய பணத்தில்தான் பல வீடுகளில் மடிக்கணினி வாங்குகிறார்கள். பணம் போதாவிட்டால் தவணையில். தேவைக்கு மேல் வாங்கிவிட்டு மாதாமாதம் கடன் கட்டும் நிலை எந்த வீட்டுக்கும் வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

கடைக்குப் போகும் முன் கல்லூரித் துறைக்குப் போங்கள். படிப்புக்கு எந்தெந்த மென்பொருள் தேவை என்று பேராசிரியரிடமோ மூத்த மாணவர்களிடமோ கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இலக்கியம், வரலாறு, வணிகவியல் படிப்பவர்களுக்கு 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி உள்ள சாதாரண மடிக்கணினி தாராளம். சி, பைத்தான் பழகவும் அதுவே போதும். முப்பரிமாண வடிவமைப்பு, வீடியோ எடிட்டிங் என்று போகிறவர்களுக்குத்தான் 16 ஜிபி ரேமும் தனி கிராஃபிக்ஸ் கார்டும் வேண்டியிருக்கும்.

புதியது கட்டுப்படியாகாவிட்டால் பழையது வாங்கத் தயங்காதீர்கள். அலுவலகங்கள் கழித்துவிட்ட நல்ல மடிக்கணினிகள் சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் கிடைக்கின்றன. ஆனால் கடையிலேயே நின்று சோதியுங்கள். மூடியைத் திறந்து மூடி, கீல் ஆடுகிறதா என்று பாருங்கள். நோட்பேடைத் திறந்து ஒவ்வொரு விசையையும் தட்டுங்கள். எல்லா யுஎஸ்பி போர்ட்டிலும் பென்டிரைவைச் செருகுங்கள். சார்ஜரைக் கழற்றிவிட்டு அரை மணி நேரம் ஓடவிடுங்கள். சார்ஜ் மளமளவென்று இறங்கினால் புது பேட்டரி விலையைக் கழித்துப் பேரம் பேசுங்கள்.

பழையது வாங்கும்போது இதையும் கவனியுங்கள்: விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. இன்டெல் பிராசசர் என்றால், பொதுவாக எட்டாம் தலைமுறைக்கு முந்தியதை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. அத்தகைய கணினி மலிவாகக் கிடைத்தால் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவிக்கொள்ளலாம்.

மென்பொருளுக்குக் காசும் வேண்டாம், 'கிராக்' செய்த பிரதியும் வேண்டாம். கிராக்கோடு வைரஸும் சேர்ந்து வரும். செமஸ்டர் புராஜெக்ட் ஒரே இரவில் போய்விடும். கட்டுரை, கணக்கு, விளக்கப்படம் எல்லாவற்றுக்கும் லிப்ரே ஆஃபிஸ் இலவசம். மேட்லேபில் செய்யும் பயிற்சிகளில் பெரும்பாலானவற்றை இலவச மென்பொருளான ஆக்டேவில் செய்யலாம். மாணவர் என்று உறுதிப்படுத்தினால் ஆட்டோடெஸ்க் நிறுவனமே ஆட்டோகேடை இலவசமாகத் தருகிறது. டேலியின் கல்விப் பதிப்பில் சில தேதிகளில் மட்டுமே கணக்குப் பதிய முடியும். பழகுவதற்கு அது போதும். லிப்ரே ஆஃபிஸ், லினக்ஸ் முதலியவற்றுக்கு ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் பாடங்கள் தமிழிலும் இருக்கின்றன.

கல்லூரிகளுக்கு: தேவையான மென்பொருள்களின் பட்டியலை, இலவச மாற்றுகளோடு, சேர்க்கையின்போதே கொடுங்கள். அசைன்மென்ட்டைப் பிடிஎஃப் ஆக வாங்கிக்கொள்ளுங்கள். மாணவர் எந்த மென்பொருளில் செய்தார் என்பது அப்போது பிரச்சினையாக இருக்காது. வகுப்பு முடிந்த பிறகும் ஆய்வகத்தைச் சில மணி நேரம் திறந்து வையுங்கள். சொந்தக் கணினி இல்லாத மாணவர்களுக்கு வேறு வழியில்லை.

அலுவலகம் நடத்துவோருக்கு: விண்டோஸ் 11 ஏறாது என்று மூலையில் போட்ட கணினிகளை எடைக்குப் போடாதீர்கள். அவற்றிலுள்ள தகவல்களை முழுமையாக அழித்துவிட்டு, அருகிலுள்ள அரசுக் கல்லூரிக்குத் தேவையா என்று கேளுங்கள். ஓடுகிற நிலையில் ஒன்று கொடுத்தாலும் ஒரு மாணவர் கடன் வாங்காமல் படிப்பார்.

இப்படிக்கு,
பெற்றோர், ஆசிரியர், கட்டற்ற மென்பொருள் ஆர்வலர் குழுவினர்