துன்பத்திடை மகிழ்ச்சி

விடுதியில் வாழும் மாணவன் ஒருவனுக்கு நள்ளிரவில் வீட்டிலிருந்து தந்தை இறந்த செய்தி வருகின்றது. அறைத் தோழர் விழித்தெழுந்து பெட்டி கட்டிக்கொடுக்கின்றனர். பேருந்து நிலையம்வரை உடன் செல்கின்றனர். அவ்வேளையில் யாரேனும் ஒருவர், நல்லெண்ணத்துடனேயே, "அழாதே, தம்பி, எல்லாம் கர்த்தருடைய சித்தம், கிறிஸ்தவன் எப்பொழுதும் மகிழ்ந்திருக்க வேண்டுமன்றோ?" என்று கூறுவதை நாம் கேட்டிருக்கிறோம், நாமே கூறியும் இருக்கிறோம். கூறியவர் ஆறுதல் அளித்துவிட்டதாக எண்ணித் திரும்புகின்றார். கேட்டவனோ, தந்தையை இழந்த துயரோடு, அழுவதற்கு நாணும் துயரையும் சேர்த்துச் சுமந்துகொண்டு ஊர் போய்ச் சேர்கின்றான்.

இது தகுமா? கிறிஸ்தவ மகிழ்ச்சி என்பது கண்ணீருக்குத் தடைவிதிக்கும் ஒரு கட்டளைதானா? அன்று என்பதே நம் துணிபு. அதனை இச்சிறு கட்டுரையில் நம் கல்லூரி அன்பர்முன் எடுத்துரைக்க விழைகின்றோம்.

முதற்கண் வேதாகமத்தையே நோக்குவோம். சங்கீதங்கள் நூற்றைம்பதில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு புலம்பலும் முறையீடுமாகவே உள்ளன. எண்பத்தெட்டாம் சங்கீதம் இருளிலே தொடங்கி இருளிலேயே முடிகின்றது. ஆறுதலான ஒரு சொல்லும் அதன் இறுதியில் இல்லை. அத்தகைய பாட்டையும் பரிசுத்த நூலினின்று நீக்காது போற்றி வைத்தனர் முன்னோர். பெத்தானியாவில் லாசருவின் கல்லறையை அணுகிய ஆண்டவரோ, அவனைத் தாம் எழுப்பப்போவதை அறிந்திருந்தும் கண்ணீர் விட்டார். வரப்போகும் நன்மையை அறிந்தவரே அழுதாரென்றால், அதனைக் காணாது நம்பிமட்டும் இருக்கும் நாம் அழுவது குற்றமாகுமா?

மகிழ்ச்சியின் நிருபம் என்று பெயர்பெற்றது பவுல் அப்போஸ்தலன் பிலிப்பியருக்கு எழுதிய நிருபம். நான்கே அதிகாரங்கள் கொண்ட அச்சிறு நிருபத்தில் சந்தோஷம் என்னும் பொருளுடைய சொற்கள் மீண்டும் மீண்டும் வருகின்றன. அதனை எழுதியவர் அப்பொழுது விலங்கு பூண்டு காவலில் இருந்தார். இஃது எல்லோரும் அறிந்ததே. ஆயினும் அதே நிருபத்தில், எப்பாப்பிரோதீத்து என்னும் உடன்வேலையாளன் நோயுற்று மரணத்தை நெருங்கியதையும், அவன் இறந்திருப்பின் தமக்குத் துக்கத்தின்மேல் துக்கம் நேர்ந்திருக்கும் என்பதையும் அவர் மறையாது எழுதுகின்றார். ஓரிடத்தில் கண்ணீரோடே எழுதுவதாகவும் குறிப்பிடுகின்றார். ஆகவே அவர்தம் மகிழ்ச்சி துக்கத்தை அறியாத மகிழ்ச்சியன்று. துக்கத்தோடு ஒரே நெஞ்சில் குடியிருந்த மகிழ்ச்சி. இன்னுமொன்றும் நோக்கத்தக்கது. எந்நிலையிலும் மனநிறைவாயிருக்கத் தாம் கற்றுக்கொண்டதாக அவர் கூறுகின்றார். கற்றுக்கொள்வதென்பது ஒரே நாளில் முடிவதன்று. பள்ளிக்கூடமும் வேண்டும், பயிற்சியும் வேண்டும், ஆண்டுகளும் செல்லும்.

இவ்வுண்மைக்குச் சான்றாக ஒருவரின் சரித்திரத்தை ஈண்டுக் கூறுவோம். ஜெர்மனி தேசத்துச் சாக்சனி நாட்டில் ஐலன்பர்க் என்பது மதில் சூழ்ந்த ஒரு சிற்றூர். அங்கே 1586 ஆம் ஆண்டில் மரப்பீப்பாய் செய்யும் ஒரு தொழிலாளியின் மகனாகப் பிறந்தார் மார்ட்டின் ரிங்கார்ட். அவர் 1617 இல் அவ்வூர்ச் சபைக்கே குருவாக வந்தார். மறு ஆண்டிலேயே முப்பதாண்டுப் போர் மூண்டது. அஃது ஓய்ந்தது 1648 இல். ரிங்கார்ட் இறந்தது 1649 இல். அவர்தம் ஊழியக் காலமும் போர்க்காலமும் ஏறத்தாழ ஒன்றேயாயின. மதிலுக்குள் பாதுகாப்பு உண்டென எண்ணி அயலூர் மக்கள் திரண்டு வந்து அச்சிற்றூரில் அடைக்கலம் புகுந்தனர். நெருக்கம் மிகுந்தது, 1637 இல் கொள்ளைநோய் பரவியது. உடன் குருமாரில் இருவர் இறந்தனர். ஒருவர் ஊரைவிட்டு அகன்றார். எஞ்சி நின்ற ரிங்கார்ட் நாள்தோறும் பிணங்களின் பின்னே நடந்தார். அவ்வாண்டில் அவர் அடக்கஞ்செய்தோர் நான்காயிரத்துக்கும் மேற்பட்டவர். அவருள் அவர்தம் மனைவியாரும் ஒருவர். நோயை அடுத்துப் பஞ்சம் வந்தது. தம்மிடம் இருந்ததையெல்லாம் ஏழைகளுக்கு அளித்து, தமக்கு வரவேண்டிய பிற்கால வருவாயையும் ஈடுவைத்துத் தம் குடும்பத்தைக் காக்கும் நிலைக்கு அவர் வந்தார்.

இவரே, இன்று உலகெங்கும் பல மொழிகளில் பாடப்பெறும் ஒரு நன்றிப் பாட்டின் ஆசிரியர். அதனைப் பிணக்குவியலின் நடுவே அமர்ந்து அவர் இயற்றினார் என்று பிரசங்கபீடங்களில் கூறக் கேட்கிறோம். ஆனால் ஆராய்ந்தோர் பலர் வேறுவிதமாகக் கருதுகின்றனர். அப்பாட்டு அக்கொள்ளைநோய்க்கு முன்னரே, உணவு வேளையில் சொல்லும் ஒரு சிறு ஜெபமாக எழுதப்பெற்றதென்பது அவர்கள் கொள்கை.

இதனால் அச்சரித்திரத்தின் சிறப்புக் குறைந்துவிட்டதென்று சிலர் வருந்தக்கூடும். நமக்கோ அது பன்மடங்கு மிகுந்ததாகவே தோன்றுகின்றது. துயரின் உச்சியில் திடீரெனப் பீறிட்டெழுந்த ஓர் அற்புத மகிழ்ச்சியைப் பற்றி நாம் வியக்கலாம், பின்பற்ற இயலாது. ஆனால் அப்பமும் கூழும் வைத்த மேசையின்முன் சாதாரண நாட்களில் கற்ற நன்றி, அசாதாரணமான ஆண்டிலும் ஒரு மனிதனைக் கைவிடாது தாங்கிற்று என்பது நாமும் பின்பற்றத்தக்க செய்தியன்றோ? கிணறு வெட்டுவதற்கு ஏற்ற காலம் வீடு தீப்பற்றி எரியும் நேரமன்று. மகிழ்ச்சியும் அத்தகையதே. துன்பநாளுக்கு முன்னரே கற்றுச் சேமித்து வைக்கப்படுவதே துன்பநாளில் கைக்கு எட்டும்.

கொள்ளைநோய் என்பது நம் தலைமுறைக்கு வெறும் ஏட்டுச்சொல் அன்று. 2020, 2021 ஆம் ஆண்டுகளில் பெருந்தொற்று பரவியபோது, இறந்தோர் முகத்தை உற்றார் காணவும் இயலாது போயிற்று. அடக்க ஆராதனையில் நிற்பதற்கும் சிலருக்கே அனுமதி கிடைத்தது. ஆலயக் கதவுகள் மூடிக்கிடந்தன. அந்நாட்களில் பலர் கண்ட உண்மை ஒன்றுண்டு: ஒருவர் தனித்திருந்து மகிழ்ச்சியைக் காத்துக்கொள்ளுதல் மிக அரிது. பாட முடியாதவனுக்காகப் பிறர் பாடவேண்டும். ஜெபிக்கச் சொல்லெழாதவனுக்காகப் பிறர் ஜெபிக்கவேண்டும். சபை என்பது இதற்காகவே உள்ளது. பிலிப்பி பட்டணத்துச் சிறையில் அடியுண்டு, கால்கள் தொழுமரத்தில் மாட்டப்பட்டு, நள்ளிரவில் பாடியவர் பவுல் ஒருவர் மட்டும் அல்லர். சீலாவும் உடனிருந்து பாடினார். மற்றக் காவற்கைதிகள் கேட்டுக்கொண்டிருந்தனர்.

இனி, எதிர்வாதம் ஒன்றுக்கு விடை கூறவேண்டும். கிறிஸ்தவ நம்பிக்கை மறுமையைக் காட்டி இம்மையின் அநீதியைப் பொறுக்கச் செய்கின்றது; அது மயக்கமருந்துக்கு ஒப்பானது என்பர் சிலர். இவ்வாதத்தைச் சினமின்றிக் கேட்கவேண்டும். ஏனெனில் அவ்வாறு அதனைப் பயன்படுத்தினோரும் உண்டு. ஆயினும் பிலிப்பியில் நிகழ்ந்தது யாது? தற்கொலை செய்துகொள்ள வாளை உருவிய சிறைக்காவலனைக் கூவித் தடுத்தது, பாடிய அதே வாய். அக்காவலன் அந்த இரவிலேயே அவர்கள் காயங்களைக் கழுவினான். பொழுது விடிந்ததும் அதிகாரிகள் அவர்களை இரகசியமாக வெளியே அனுப்பிவிட முயன்றபோது, விசாரணையின்றி ரோமக் குடிமக்களை வெளியரங்கமாய் அடித்தவர்கள் தாமே வந்து அழைத்துப் போகட்டும் என்று பவுல் உறுதியாக மறுத்துரைத்தார். நள்ளிரவில் பாடியவரே காலையில் நியாயம் கேட்டார். காயத்தைக் கழுவாத மகிழ்ச்சியும், நியாயம் கேட்க அஞ்சும் நம்பிக்கையும் அவர் காட்டிய வழியல்ல.

நம் நாட்டுச் சரித்திரத்திலும் இதற்குச் சான்றுண்டு. ரிங்கார்ட் வாழ்ந்த அதே சாக்சனி நாட்டில் பிறந்து, 1706 இல் தரங்கம்பாடிக்கு வந்தவர் சீகன்பால்கு. அவர் 1708 இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்க்கத் தொடங்கினார். அவ்வாண்டின் இறுதியிலேயே கோட்டை அதிகாரி அவரைச் சிறையிலிட, ஏறக்குறைய நான்கு மாதம் அங்கே கிடந்தார். விடுதலை பெற்றபின் விட்ட பணியை மீண்டும் தொட்டு, 1711 இல் அம்மொழிபெயர்ப்பை முடித்தார். நம்பிக்கை என்பது பல வேளைகளில் பேரானந்தமாய்த் தோன்றுவதில்லை. முறிந்துபோன வேலைக்கு மறுபடியும் கைவைக்கும் துணிவாகவே அது தோன்றுகின்றது.

ஆதலின் நம் கல்லூரி அன்பர்க்கு நாம் விடுக்கும் வேண்டுகோள் இரண்டே. முதலாவது, துயருற்றோரிடம் மகிழ்ந்திருக்குமாறு கட்டளையிடுதலை விட்டொழிப்போம். அவர் அருகே வாய்மூடி அமர்வோம். கல்லறைத் தோட்டம்வரை உடன் நடப்போம். தவறிய பாடங்களை எழுதிக்கொடுப்போம். கட்டணம் செலுத்த இயலாதவன் கல்லூரியை விட்டு நீங்காதபடி ஆவன செய்வோம். நாம் செய்யும் இச்சிறு தொண்டுகளைக் கண்டு, கர்த்தர் தன்னைக் கைவிடவில்லை என்று அவன் ஒருநாள் தானே கூறுவானாயின், அதுவே மெய்யான ஆறுதல்.

இரண்டாவது, நம் விடுதி உணவறையில் நாள்தோறும் ஒரு நன்றி ஜெபம் சொல்லப்படுகின்றது. தட்டுகளின் ஓசையிலும் பசியின் விரைவிலும் அதன் பாதி நம் காதில் விழுவதில்லை. குழம்பைக் குறித்து முறுமுறுப்பதோ தெளிவாகவே விழுகின்றது. அவ்வொரு நிமிடத்தை இனி இலேசாக எண்ணாதிருப்போம். நம்மில் எவனுக்கு எந்த ஆண்டில் எத்துயர் வருமென்பதை நாம் அறியோம். வரும்போது பாடுவதற்குரிய பாட்டை, சோறும் குழம்பும் முன்னிருக்க, தோழர் சூழ்ந்திருக்க, கண்ணீரில்லாத இந்நாட்களிலேயே கற்றுக்கொள்வோமாக.