வேளையறிந்த தீப்பொறி

கல்கத்தா ராஜபாட்டையில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டியிருக்கும் ஆரம்பாக்கத்தைக் கடந்து அல்லும் பகலும் வண்டிகள் செல்கின்றன. டீஸலில் ஓடும் லாரிகளுக்குத் தீப்பொறி வேண்டியதில்லை. அழுத்தத்தில் பிறக்கும் சூடே எண்ணெயைப் பற்றவைத்துவிடும். பெட்ரோல் காருக்கோ பொறியின்றி ஓட்டமில்லை. அப்பொறியும் வேளையறிந்து எழ வேண்டும்.

ஸிலிண்டருக்குள் பெட்ரோல் வாயு கணத்தில் வெடித்துவிடுவதாகப் பலர் எண்ணுகிறார்கள். உண்மை அதுவன்று. தீ பரவி முடியச் சில மில்லி விநாடிகள் ஆகும். நிமிஷத்துக்கு 1000 சுற்றுச் சுழலும் எஞ்சினில், ஒரு மில்லி விநாடிக்குள் அச்சு 6 டிகிரி திரும்பிவிடும். 3000 சுற்றில் 18 டிகிரி. ஆகையால் வேகம் ஏற ஏற, பிஸ்டன் உச்சியை எட்டுமுன்பே பொறியை எழுப்பியாக வேண்டும். மிகவும் முந்தினால் எஞ்சின் தட்டும். நாளடைவில் பிஸ்டனே பழுதாகும். பிந்தினாலோ பலம் குன்றும், பெட்ரோல் வீணாகும்.

ஆதி மோட்டார்களில் சாரதியே ஒரு கைப்பிடியால் இந்நேரத்தை மாற்றினான். பிறகு, சுழற்சியால் விரியும் எடைத்துண்டுகளும் எஞ்சின் காற்றை உறிஞ்சும் விசையும் அவ்வேலையை ஏற்றன. ஆனால் 'பாயிண்டு' தேயும், ஸ்பிரிங் தளரும். அம்பாஸடர் காலத்து மெக்கானிக்குகள் டிஸ்டிரிபியூட்டரைச் சற்றே திருப்பி, செவியின் துணையால் 'டைமிங்' வைத்தது அரிய வித்தையே.

1977-ல் அமெரிக்க ஓல்ட்ஸ்மொபீல் காரொன்றில் இப்பொறுப்பு நுண்கணிப்பொறியிடம் வந்தது. நம் திருவள்ளூரிலேயே 1998-ல் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையிலிருந்து லான்ஸர் கார்கள் புறப்பட்டன. இன்றைய கார்களில் அச்சோடு ஒரு பல்சக்கரம் சுழல்கிறது. பலவற்றில் 60 பல்லுக்குரிய இடத்தில் 58 பற்களே இருக்கும். அந்த இடைவெளி கடக்கும்போது அச்சு நிற்கும் நிலையைப் பெட்டி அறிந்துகொள்கிறது. பற்களை எண்ணி வேகத்தை அறிகிறது. உட்செல்லும் காற்றின் அளவையும் எஞ்சினின் சூட்டையும் வேறு உணர்விகள் தெரிவிக்கின்றன. நினைவிலுள்ள அட்டவணையைப் பார்த்துத் தக்க டிகிரியைப் பெட்டி தேர்ந்து, அந்தக் கணத்தில் காயிலின் மின்னோட்டத்தைத் துண்டிக்கிறது, பொறி பறக்கிறது. எஞ்சின் தட்டினால், அதைக் கேட்கும் உணர்வி எச்சரிக்க, பெட்டி பொறியைச் சிறிது பின்னே தள்ளுகிறது. மெக்கானிக்கின் செவி செய்த வேலையை அது ஓட்டத்தினிடையே ஓயாமல் செய்கிறது.

2020 ஏப்ரல் 1 முதல் புகைக் கட்டுப்பாட்டின் ஆறாம் படி தேசமெங்கும் அமலுக்கு வந்தது. இனி இப்பெட்டியின்றிப் புதுப் பெட்ரோல் கார் இல்லை. சாலையோரப் பட்டறைக்காரரின் பிழைப்பு என்னாவது? எஞ்சினின் ஓசையறிந்தவருக்கு இக்கணக்கு அந்நியமன்று. தாய்மொழியில் கற்பிப்பார்தாம் வேண்டும். தொழிற்பள்ளிகளில் இப்பாடம் தெளிந்த தமிழில் நடக்கட்டும். அட்டவணையைப் படிக்கக் கற்றவன் நாளை அதை எழுதவும் கற்பான். பெட்டியைப் பூட்டுவதோடு நில்லாமல், அதனுள்ளிருக்கும் அறிவையும் நமதாக்கிக்கொள்வதே உண்மையான சுதேசியம்.