அகதிகளுக்குத் தேவை தயவு அல்ல, சட்டம்

திருப்பதி மாவட்டத்தின் தடா எல்லையைத் தாண்டினால் கும்மிடிப்பூண்டி முகாம். சித்தூரிலிருந்து தெற்கே சென்றால் வேலூர் மாவட்ட முகாம்கள். இங்கு வாழும் இலங்கைத் தமிழர்களில் பலர் இந்திய மண்ணிலேயே பிறந்தவர்கள். 2021-இல் தமிழக அரசு அளித்த கணக்கின்படி 108 முகாம்களில் 58,822 பேர் இருந்தனர். 1983-இல் தொடங்கிய வருகைக்கு நாற்பதாண்டுகள் கடந்த பின்னரும், இவர்களது வாழ்வைத் தீர்மானிப்பவை நிர்வாக ஆணைகளே.

1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கெனத் தனிச் சட்டமும் இயற்றப்படவில்லை. ஆகவே, யாரை ஏற்பது, யாரை வெளியேற்றுவது என்ற அதிகாரம் ஒன்றிய உள்துறையிடமே குவிந்துள்ளது.

இவ்வதிகாரத்திற்கு நீதிமன்றங்கள் சில வேளைகளில் எல்லை வகுத்தன. அருணாச்சலப் பிரதேசத்தின் சக்மா மக்கள் வழக்கில், குடிமகனாயினும் இல்லாவிடினும் ஒவ்வொரு மனிதரின் உயிரையும் காப்பது அரசின் கடமை என 1996-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. முகாம்வாசிகளின் குடியுரிமைக் கோரிக்கையைப் பரிசீலிக்குமாறு 2019 ஜூனில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை ஒன்றிய அரசைப் பணித்தது.

ஆனால் இந்த அரண் உறுதியானதல்ல. 2021-இல் ஜம்முவில் அடைக்கப்பட்ட ரோஹிங்யா மக்களை, உரிய நடைமுறையைப் பின்பற்றி வெளியேற்றலாம் என்றது உச்சநீதிமன்றம். 2025 மே மாதம் இலங்கைத் தமிழர் ஒருவரின் மனுவைத் தள்ளுபடி செய்தபோது, இந்தியா தர்மசாலை அல்ல என்றது. நடைமுறையை வகுப்பதே நிர்வாகம் எனில், அது பின்பற்றப்பட்டதா என்று கேட்பதோடு நீதிமன்றத்தின் பணி சுருங்கிவிடுகிறது.

2025 செப்டம்பரில் ஒன்றிய அரசு பிறப்பித்த ஆணை, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குக் கடவுச்சீட்டு, விசா நிபந்தனைகளிலிருந்து விலக்களித்தது. இது வரவேற்கத்தக்கதே. ஆனால் விலக்கு, குடியுரிமை ஆகாது. ஆணையால் தரப்பட்டதை மற்றோர் ஆணையால் பறிக்கவும் முடியும். மத அடிப்படையில் மூன்று நாடுகளைச் சேர்ந்தோருக்கு மட்டும் கதவைத் திறந்த 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டமோ, இலங்கையைச் சேர்த்துக்கொள்ளவே இல்லை.

மத, இன பேதமற்ற அகதிகள் சட்டம், விரும்புவோருக்குக் குடியுரிமை, எவரையும் கட்டாயப்படுத்தித் திருப்பி அனுப்பாமை ஆகியவையே நமது கோரிக்கைகள். நீதிமன்றக் கதவைத் தட்டுவது அவசியம். ஆனால், நாடாளுமன்றத்தைச் சட்டமியற்ற வைக்கும் வலிமை மக்கள் இயக்கத்திற்கே உண்டு. முகாம்களுக்கு அண்மையில் வாழும் சித்தூர், திருப்பதி மாவட்டத் தோழர்கள், தமிழ்-தெலுங்கு உழைப்பாளி மக்களிடம் இக்கோரிக்கையைக் கொண்டு செல்ல வேண்டும்.